அனுமதியின்றி நகர்ந்த படை

பாலத்தைக் கடக்க இருநூறு சிப்பாய்களுக்கும் ஆறு யானைகளுக்கும் பதினோரு மாதம் பிடித்தது. அதற்கு முன்னால் அவர்கள் அந்தப் பாலத்தில் செய்யாத அக்கிரமம் இல்லை. ஒருவன் தோளில் ஒருவன் ஏறினான். யானைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து எட்டுக் கால்களோடு வெளியே வந்தன. முன்னால் போனவன் வழி மறந்து திரும்ப, பின்னால் வந்த நூறு பேரும் அவனைப் பார்த்துக்கொண்டே வரிசையாக ஆற்றில் விழுந்தார்கள். பாயான் பாருவில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் உட்கார்ந்து இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்தவள் சாந்தினி.

விளையாட்டின் பெயர் 'ஆற்றுமுகம்'. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், ஆறு கடலில் விழும் இடத்தில் எதிரும் புதிருமாக இருந்த இரண்டு துறைமுக அரசுகள் மோதிக்கொள்ளும் கணினி விளையாட்டு. கோட்டையும் யானையும் வரைய ஹைக்கல் இருந்தான். சாந்தினிக்குக் கொடுத்த வேலை நகர்வு மட்டும். ஆடுகிறவர் திரையில் ஒரு கட்டம் இழுத்துப் படையைத் தேர்ந்தெடுப்பார். வேறோர் இடத்தில் சொடுக்குவார். படை அங்கே போக வேண்டும். சொல்லிவிட இவ்வளவுதான். ஆனால் சொடுக்கிய கால் நொடிக்குள் ஒரு சிப்பாயாவது காலைத் தூக்காவிட்டால், சொன்னது காதில் விழவில்லை என்று ஆடுகிறவர் கோபித்துக்கொண்டு இன்னும் பத்துத் தடவை சொடுக்குவார். குதிரை முந்திக்கொண்டு ஓடி எதிரியிடம் தனியாக மாட்டக் கூடாது. யானை பின்தங்கிப் புல் மேயக் கூடாது.

பாலத்துக்கு வழி அவளுக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் கிடைத்தது. ஷிப்ட் முடியும் நேரத்தில் அங்கே தொழிற்சாலைப் பேருந்துகளும் ஐந்நூறு மோட்டார் சைக்கிள்களும் ஒரே வளைவுக்குள் புகும். யாரும் நிற்பதில்லை, யாரும் இடித்துக்கொள்வதுமில்லை. கைப்பிடியில் பாதி அகலம் விட்டுக்கொடுத்து எல்லாரும் போய்விடுவார்கள். சாந்தினி அதையே விதியாக எழுதினாள். பாலத்தின் வாய்க்குப் பக்கத்தில் இருப்பவன் முதலில் போவான், அடுத்தவன் அரை அடி தயங்குவான், எவனும் நிற்க மாட்டான். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இருநூறு பேரும் ஆறு யானைகளும் ஒரு கால் இடறாமல் அக்கரை போய்ச் சேர்ந்தார்கள். அவள் அதைப் பதினான்கு தடவை திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

அம்மா ருக்குமணியிடமும் காட்டினாள். ருக்குமணி இருபத்தேழு வருஷம் சில்லுத் தொழிற்சாலையில் வேலை பார்த்து அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தாள். அவள் கைபட்ட சில்லுகள் உலகத்தில் எத்தனை போனுக்குள், எத்தனை காருக்குள் இருக்கின்றன என்று அவளுக்கே தெரியாது. ஒன்றில்கூட அவள் பெயர் கிடையாது.

"நல்லா நடக்குறானுங்கம்மா," என்றாள் ருக்குமணி. "இதுல உன் பேரு வருமா?"

"வரும்மா. தொடக்கத் திரையில 'படை நகர்வு: சாந்தினி'ன்னு தனியா போடுறேன்னு கிஷன் சொல்லிருக்காரு."

"தனியாவா?"

அன்றிலிருந்து ருக்குமணி அதை மட்டுமே கேட்டாள். சாந்தினிக்கும் அது ஒன்றுதான் குறி. வேறு எந்தப் பெருமைக்கும் அவள் ஆசைப்படவில்லை என்று சொன்னால் நம்பலாம்.

கிஷன் அந்த நிறுவனத்தின் முதலாளி. நல்ல மனிதர். எதற்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத நல்ல மனிதர் என்பதில்தான் வினை இருந்தது. பள்ளிக்கூடங்களில் இந்த விளையாட்டைப் போட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்கு 'மரபுசார் மின்விளையாட்டு ஒழுங்கு மன்றம்' முத்திரை குத்த வேண்டும். அந்த மன்றத்தில் மின்விளையாட்டு ஆடியவர் ஒருவரும் இல்லை. ஆடியவர் உறுப்பினரானால் பாரபட்சம் வந்துவிடும் என்று அவர்கள் சட்டதிட்டத்தில் நான்காம் விதி சொல்கிறது.

கூட்டம் ஜார்ஜ் டவுனில் ஓர் உயரமான கட்டடத்தின் பதினெட்டாம் மாடியில், காலை ஒன்பது மணிக்கு. சாந்தினியும் கிஷனும் எட்டரைக்கே போய்விட்டார்கள். உறுப்பினர்கள் ஒன்பது மணிக்கு வந்து நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றார்கள். மேசையில் தட்டுத் தட்டாகக் கறிபாப் பலகாரம். மேலே பிளாஸ்டிக் உறை போர்த்தி, உள்ளே வேர்த்துக்கொண்டிருந்தது. தலைவர், டத்தோ பட்டம் வாங்கிய தேனப்பன், பதினொன்று இருபதுக்கு வந்தார். அவர் உட்கார்ந்ததும் எல்லாரும் உட்கார்ந்தார்கள். அவர் கறிபாப்பைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். அவர் எடுக்கவில்லை.

செயலாளர் கோகிலா எழுந்து, அங்கிருந்த பதினாறு பேருடைய பட்டங்களையும் பதவி வரிசைப்படி வாசித்தார். நான்கு நிமிடம் ஆயிற்று. பிறகு சாந்தினியைப் பார்த்துத் தலையசைத்தார். சாந்தினி படையைத் தேர்ந்தெடுத்தாள், அக்கரையில் சொடுக்கினாள். படை பாலத்தைக் கடந்தது. அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிடித்துப்போய்விட்டது என்று அவள் நினைத்தாள்.

"இவங்க யாரக் கேட்டுப் போறாங்க?" என்றார் கோகிலா.

"நான் சொடுக்கினேன் மேடம்."

"நீங்க இதுல என்ன பதவி?"

"பதவின்னு இல்ல மேடம். ஆடுறவங்க. ஆடுறவங்க சொன்னா படை போகும்."

"எழுத்துல குடுத்தீங்களா?"

சாந்தினி சிரித்தாள். அவள் ஒருத்திதான் சிரித்தாள். டத்தோ தேனப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, சொந்தப் பிள்ளையிடம் பேசுகிற பாசத்தோடு பேசினார்.

"தங்கச்சி, நான் முப்பத்திரெண்டு வருஷம் பொதுச் சேவையில இருக்கேன். ஒரு தடவகூட நானா முதல்ல அசைஞ்சது கிடையாது. என்னோட சேர்ந்து வந்தவங்கள்ல ரெண்டு மூணு பேரு கெட்டிக்காரங்க. சட்டுனு முடிவெடுப்பாங்க. அவங்கல்லாம் இப்ப எங்க இருக்காங்கன்னு யாருக்கும் தெரியாது. நான் இங்க இருக்கேன். இதாம்மா வரலாறு. பிள்ளைங்களுக்கு இதச் சொல்லிக் குடுக்காம என்னத்தச் சொல்லிக் குடுக்கப் போறோம்?"

கைதட்டினார்கள். அவரும் தட்டினார்.

முதல் திருத்தம் வந்தது. சொடுக்கினால் படை போகக் கூடாது. நகர்வு விண்ணப்பம் போக வேண்டும். ஓலை ஒன்று விரிந்து, தூதன் கையில் ஏறி, படைத்தலைவன், துறைமுக அதிகாரி, அரண்மனை மூவரிடமும் முத்திரை வாங்கித் திரும்ப வேண்டும். சாந்தினி நியாயமாக நடந்துகொண்டாள். முழுப் பயணத்தையும் அரை நொடியில் முடியும் காட்சியாகச் செய்து கொடுத்தாள். மன்றத்திலிருந்து ஓர் அதிகாரி கடிகாரத்தோடு வந்து உட்கார்ந்து அளந்துவிட்டு, அரை நொடியில் எந்த அதிகாரியும் எதையும் வாசித்ததாகச் சரித்திரம் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். ஒரு முத்திரைக்கு மூன்று நிமிடம் என்று முடிவாயிற்று. துறைமுக அதிகாரி வெள்ளிக்கிழமை மத்தியானம் இருக்க மாட்டார் என்பதும் சேர்ந்தது.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் லா," என்றார் கிஷன். "முத்திரை வாங்கிட்டா அப்புறம் நம்ம ராஜ்ஜியம்தான்."

இரண்டாவது திருத்தம் பட்டங்கள். எந்த உத்தரவுக்கும் முன்னால் படையிலுள்ள அதிகாரிகளின் பட்டங்கள் அனைத்தையும் வரிசைப்படி ஒருவன் வாசிக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனால் மன்னிப்புக் கேட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். இங்கே யானைகளால் சிக்கல் வந்தது. யானை பெரியதா, நூறு பேருக்குத் தலைவன் பெரியவனா என்று தீர்மானிக்க ஒரு துணைக்குழு போட்டார்கள். ஆறு வாரம் உட்கார்ந்து பேசி, யானைகளுக்கும் பட்டம் கொடுத்து, கௌரவ உறுப்பினராக்கி, பிரச்சினையை முடித்தார்கள்.

மூன்றாவது திருத்தத்தைப் புரிந்துகொள்ள, நம் ஊர் விழாக்களுக்குப் போயிருக்க வேண்டும். இரண்டு பிரமுகர்கள் வரும் விழாவில் கடைசியாக வருகிறவரே பெரியவர். ஆகவே இருவரும் மண்டபத்துக்கு வெளியே தனித்தனிக் கார்களில் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மற்றவர் இறங்கிவிட்டாரா என்று பார்க்க இரண்டு உதவியாளர்கள் தூண்களுக்குப் பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்ப்பார்கள். பந்தியில் பிள்ளைகள் பசியில் அழும். போர்க்களத்துக்கும் இதுதான் முறை என்றது மன்றம். தளபதி வராமல் போர் தொடங்கக் கூடாது. எதிரித் தளபதிக்கு முன்னால் நம் தளபதி வந்துவிடவும் கூடாது.

"எதிரிக்கும் இதே விதிதானே மேடம்?" என்று கேட்டாள் சாந்தினி.

"ஆமா. பாரபட்சம் காட்ட முடியாதுல்ல?"

"அப்ப ரெண்டு பேருமே வர மாட்டாங்களே."

கோகிலா அவளைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "வந்துதான் ஆகணும்னு எங்க எழுதியிருக்கு?"

ஹைக்கல் இரண்டு பல்லக்குகள் வரைந்தான். ஒன்று ஆற்றுக்கு இந்தப் பக்கம் மூங்கில் புதருக்குப் பின்னால், இன்னொன்று அந்தப் பக்கம். எட்டிப் பார்க்கும் உதவியாளர்களையும் வரைந்தான். ரொம்ப நன்றாக வரைந்தான். தன் வாழ்நாளில் கண்ணால் பார்த்து வரைந்த ஒரே படம் இதுதான் என்று சாந்தினியிடம் மலாயில் சொன்னான்.

நான்காவது திருத்தம் அவள் வயிற்றில் அடித்தது. பாலத்தில் பக்கத்தில் இருப்பவன் முதலில் போவதாவது? பதவியில் உயர்ந்தவன் முதலில் போக வேண்டும். பின்னாலிருந்து மேலதிகாரி வந்தால், பாலத்தில் பாதி தூரம் போய்விட்டவனும் முதுகு காட்டாமல் பின்னோக்கி நடந்து வந்து வழிவிட வேண்டும். சாந்தினி அதை எழுதி ஓடவிட்டாள். படை முன்னால் நான்கடி வைத்தது, பின்னால் ஐந்தடி வந்தது. பாலத்தின் வாயில் இருநூறு பேரும் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டு நின்றார்கள். பதினோரு மாத உழைப்பு கண்ணெதிரே அங்கே நின்றுபோனது. அவளுக்கு அழுகை வந்தது. ஆபீஸில் அழக் கூடாது என்று கழிப்பறைக்குப் போய் அழுதாள்.

வீட்டில் சொன்னபோது ருக்குமணி ஆச்சரியப்படவில்லை. "எங்க லைன்ல ஆளுக்கு ஒரு சிவப்பு பட்டன் இருக்கும்மா. யாரு வேணும்னாலும் அமுக்கி மெஷின நிப்பாட்டலாம். திரும்ப ஓட விடணும்னா மட்டும் சூப்பர்வைசர் சாவி வேணும். அவரு டீ குடிக்க மினும் போயிருப்பாரு. நாங்க கையக் கட்டிக்கிட்டு நிப்போம்." பிறகு, "பேரு மட்டும் போடுவான்ல?" என்றாள்.

பேர் இருக்கிறது என்பதற்காகத்தான் சாந்தினி பொறுத்தாள். ஆனால் தன் பழைய விதியை அவள் அழிக்கவில்லை. மன்றத்தின் விதிகளை அதன் மேலே ஓர் அடுக்காக வைத்து, தென்கரைக்கு ஒன்று, எதிரியின் வடகரைக்கு ஒன்று என்று இரண்டு சிறு பெட்டிகளில் சரிக்குறி போட்டுவைத்தாள். சரிக்குறியை எடுத்தால் அந்தப் பக்கத்துப் படைக்குப் பழைய கால் வந்துவிடும். இதை யாரிடமும் சொல்லவில்லை.

சோதனைக்கு கெலுகோரில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது மாணவர்களை உட்காரவைத்தார்கள். நாற்பது நிமிடத்தில் ஒரு சிப்பாயும் அசையவில்லை. "டீச்சர், கணினி ஹேங்காயிருச்சா?" என்று நான்கு பேர் கேட்டார்கள். மற்றவர்கள் கேட்கவுமில்லை; தூங்கிவிட்டார்கள். மன்றத்தின் அறிக்கை இப்படி முடிந்தது: 'மாணவர்கள் பொறுமையும் அமைதியும் கற்றனர். போரில் உயிரிழப்பு எதுவுமில்லை. இத்தகைய சாதனை இத்துறையில் இதுவே முதல் முறை.' ஒரு வார்த்தை பொய் கிடையாது.

முத்திரை விழுந்தது. வெளியீட்டு விழாவுக்கு நாள் குறித்தார்கள். ருக்குமணி பட்டுப்புடவையை எடுத்து வெயிலில் போட்டாள். தன்னோடு வேலை செய்த குமுதாவையும் இன்னும் மூன்று பேரையும் அழைத்தாள். விழாவுக்கு முந்தைய நாள் தொடக்கத் திரை கைக்கு வந்தது. சாந்தினி மேலிருந்து கீழே படித்தாள். புரவலர், தலைவர், துணைத் தலைவர்கள், துணைக்குழுக்கள், யானைத் தகுதி ஆய்வுக்குழு, வரவேற்புக் குழு, சிற்றுண்டிக் குழு. நாற்பத்தொரு பெயர்கள். கடைசி வரி: 'மற்றும் தொழில்நுட்ப உதவியாளர்கள்'.

"இடம் பத்தல லா சாந்தினி," என்றார் கிஷன், மேசையைப் பார்த்துக்கொண்டே. "பதவி வரிசைல போட்டுக்கிட்டே வந்தா கீழ திரை முடிஞ்சிருச்சு. என் பேரே இல்ல, பாருங்க."

"அம்மா வர்றாங்க பாஸ்."

"நல்லா வரட்டும். சாப்பாடு இருக்கு."

அம்மாவிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் மண்டபத்தில் நானூறு பேர். மேடை நடுவில் ஒரு கண்ணாடி உருண்டை. தலைவர் அதன் மேல் உள்ளங்கையை வைப்பார், உருண்டை நீலமாக ஒளிரும், புகை வரும், பின்னால் பெரிய திரையில் விளையாட்டு தொடங்கும். இங்கே எதைத் திறப்பதானாலும் இப்படித்தான். உருண்டைக்கும் கணினிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. திரைச்சீலைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து நேரம் பார்த்துச் சொடுக்க வேண்டும். அன்றைக்கு அந்த ஒருவர் சாந்தினி.

சீலையின் இடுக்கு வழியாக அவளுக்கு அம்மா தெரிந்தாள். கடைசிக்கு முந்தைய வரிசையில், கழுத்தை நீட்டி, திரையில் ஓடிய பெயர்களை விரல் வைத்துப் படிப்பவள்போல உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தொன்றும் முடிந்தன. ருக்குமணி குமுதாவைப் பார்த்து ஏதோ கேட்டாள். குமுதா இல்லையென்று தலையை ஆட்டினாள். ருக்குமணி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்தாள்.

டத்தோ தேனப்பன் உருண்டையின் மேல் கை வைத்தார். சாந்தினி தென்கரைப் பெட்டியின் சரிக்குறியை எடுத்தாள். படை முழுவதையும் ஒரே கட்டத்துக்குள் இழுத்தாள். அக்கரைக் கோட்டையின் மேல் சொடுக்கினாள்.

கால் நொடியில் முன்வரிசை காலைத் தூக்கியது. இருநூறு சிப்பாய்களும் ஆறு யானைகளும் அரை அடி, அரை அடியாக விட்டுக்கொடுத்து, ஒருவரையும் இடிக்காமல், ஒருவரையும் கேட்காமல், பாலத்தைக் கடந்தார்கள். மூங்கில் புதருக்குப் பின்னாலிருந்த தங்கள் தளபதியின் பல்லக்கை இக்கரையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். வடகரைப் படை மன்றத்தின் விதிப்படியே நின்றது. அதன் அறிவிப்பாளன் பட்டங்களை வாசித்துக்கொண்டிருந்தான். மூன்றாவது யானையின் பட்டத்தை அவன் வாசிக்கையில் கோட்டை விழுந்தது.

கடைசிக்கு முந்தைய வரிசையில் ஐந்து பேர் கைதட்டினார்கள். மற்ற முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து பேரும் டத்தோவைப் பார்த்தார்கள். அவர் தட்டவில்லை. தட்டவும் முடியாது, கை உருண்டையில் இருந்தது. தன் கையால்தான் இது நடக்கிறது என்று மனிதர் நம்பிவிட்டார்போல. சட்டென்று கையை எடுத்தார். படை நிற்கவில்லை. மறுபடி வைத்தார். அப்போதும் நிற்கவில்லை.

"நிப்பாட்டுங்க!" என்றார் ஒலிபெருக்கியில். "யார் குடுத்தா அனுமதி? நான் ஒண்ணும் பண்ணல! எல்லாரும் பாத்தீங்க, நான் ஒண்ணுமே பண்ணல!"

விசாரணை அதே பதினெட்டாம் மாடியில், காலை ஒன்பதுக்கு. சாந்தினிக்கு அழைப்புக் கடிதம் வந்தது, ருக்குமணிக்கும் வந்தது. தலைவர் கைதட்டுவதற்கு முன்னால் கைதட்டியோர் ஐவர் என்றும் அவர்களை முன்னின்று நடத்தியவர் அவர் என்றும் அதில் இருந்தது. இரண்டு மணி நேரம் எல்லாரும் நின்றார்கள். ருக்குமணிக்கு முழங்கால் வலி. அவள் மட்டும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

தலைவர் வந்தார். கோகிலா பட்டங்களை வாசித்தார். பிறகு முடிவுகளை வாசித்தார். படை அனுமதியின்றி நகர்ந்தது. எதிரிப் படை, பட்டங்கள் வாசிக்கப்படும் வேளையில் தாக்கப்பட்டது. இது பெரும் அவமரியாதை. பழைய நகர்வு விதியை நிறுவனம் அடியோடு அழித்துவிட்டது. மன்றம் ஒப்புக்கொண்ட விளையாட்டு மட்டுமே பள்ளிகளுக்குப் போகும். கிஷன் ஒரு தாளைப் பார்த்து, நிறுவனத்துக்கும் சாந்தினிக்கும் இனி எந்தச் சம்பந்தமும் இல்லை என்று படித்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைக்கும்வரை நிமிரவில்லை.

வேலை போனது சாந்தினிக்கு அப்போது உறைக்கவில்லை. பாலம் போனதுதான் வலித்தது. இனி எந்தக் கணினியிலும் அவர்கள் கடக்க மாட்டார்கள். அவள் கிஷனை மனதார வெறுத்தாள்.

"விதி பன்னெண்டு," என்றார் கோகிலா. "தவறுக்குப் பொறுப்பானவர் பேர் முழுசா, தனியா, எல்லாருக்கும் தெரியற மாதிரி திரையில காட்டணும்."

விளக்கை அணைத்தார்கள். சுவரளவு திரையில், வேறு ஒரு பெயரும் இல்லாமல், ஒரே ஒரு வரி ஒளிர்ந்தது.

'படையை நகர்த்தியவர்: சாந்தினி த/பெ நல்லமுத்து.'

இருட்டில் ஒரு ஜோடிக் கை தட்டும் சத்தம் கேட்டது. ருக்குமணி எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து, திரைக்கு நேராகப் பிடித்தாள்.

"அம்மா, அனுமதி இல்லாம படம் எடுக்கக் கூடாது," என்றார் கோகிலா.

"இருபத்தேழு வருஷம் அனுமதி கேட்டுட்டேம்மா. போதும்." படம் எடுத்தாள். சரியாக விழவில்லை என்று இன்னொன்று எடுத்தாள். மகளிடம் காட்டினாள். "தனியாத்தான் போட்டிருக்கான், பாரு. அப்பா பேரும் இருக்கு."

சாந்தினிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பத்து வருஷம் கழித்து யாராவது அந்தப் படத்தைப் பார்த்து இது என்ன பரிசு என்று கேட்டால் அது தண்டனை என்று அம்மா சொல்லவே மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். அதை நினைத்தபோது நெஞ்சு கசந்தது.

"வா, போவோம்," என்றாள் ருக்குமணி.

"தலைவர் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி யாரும் போகக் கூடாது," என்றார் கோகிலா.

"அவரு மெதுவா எந்திரிக்கட்டும். எனக்குப் பஸ் போயிரும்."

இருவரும் நடந்தார்கள். கதவை மூடும்போது சாந்தினி திரும்பிப் பார்த்தாள். உறுப்பினர்கள் எல்லாரும் கிஷனும் தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அசையவில்லை. கறிபாப்பின் மேல் பிளாஸ்டிக் உறை போர்த்தியபடியே இருந்தது.